கம்பிக்கடியில் கொன்றை: உச்சியை வெட்டலாமா, பக்கக் கிளையை எடுக்கலாமா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டுக்கு வீடு சரக்கொன்றை உண்டு. சித்திரை விஷு அன்று காலையில் கணி வைக்கப் பூ வேண்டும் என்று வாசலில் நட்டுவிடுகிறோம். 10 மீட்டருக்கு மேலும் வளரும் மரம் என்பதை மறந்துவிடுகிறோம். மின்கம்பியைத் தொட்ட பிறகு என்ன செய்வது என்பதில் ஊர் இரண்டு கட்சி.

உச்சியை மொட்டையடித்துவிடு என்பது ஒரு கட்சி. கூலி குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் வெட்டிய இடத்தைச் சில மாதம் கழித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிலும் கொத்துக் கொத்தாகத் துளிர்கள் விறுவிறுவென்று மேலே கிளம்பியிருக்கும். அவை பட்டையோரத்தில் முளைத்தவை. இயல்பாக வளர்ந்த கிளையின் பிடிமானம் அவற்றுக்குக் கிடையாது. சீக்கிரமே பழைய உயரத்தை எட்டி, பாலக்காட்டுக் கணவாய் வழியே சீறி வரும் ஆடிக் காற்றில் ஒடிந்து அதே கம்பிமேல் விழும். வெட்டுவாயில் மழைநீர் இறங்கி மரம் உளுத்துப்போவது வேறு.

கம்பியை நோக்கிப் போகும் கிளையை மட்டும் அடியோடு எடுப்பது அடுத்த கட்சி. நான் இந்தப் பக்கம்தான். மரம் ஒரு பக்கம் ஒடுங்கித் தெரியும், ஆனால் மற்றக் கிளைகள் கம்பிக்கு விலகி வளரும், பூவும் கிடைக்கும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு தடிப்பு இருக்கும்; அதைத் தொடக்கூடாது. ஒரு சாண் தள்ளி அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் தண்டின் பட்டை உரியாது. மிஞ்சிய துண்டை அந்தத் தடிப்பை ஒட்டி எடுக்கவேண்டும். சாணி, தார் எதுவும் பூச வேண்டாம். மரமே காயத்தை மூடிக்கொள்ளும்.

நடுத்தண்டே கம்பிக்கு நேர் கீழே நின்றால் இரண்டும் உதவாது. மரத்தை எடுத்துவிட்டு நந்தியாவட்டையோ செம்பருத்தியோ வைப்பதே நல்லது. வீடுகளுக்கு மின்சாரம் தரும் தெருவோரத் தாழ்வழுத்தக் கம்பி குறைந்தது 5.5 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. இந்தச் செடிகள் அவ்வளவு உயரம் போகா.

எந்த வழியானாலும் விஷு கழிந்து, பூ உதிர்ந்து, இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். முன்னதாக வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போயிற்று. மழைக்கு முன் மின்வாரிய ஆட்களும் கிளை வெட்ட வருவார்கள். கம்பிக்கு இடைவெளி கிடைத்தால் அவர்கள் வேலை முடிந்தது. எந்தக் கிளையை எந்த இடத்தில் எடுப்பது என்று வீட்டுக்காரர் கூட நின்று சொன்னால்தான் மரம் தப்பும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கம்பிப் பக்கத்துக் கிளையில் நீங்களாகக் கைவைக்காதீர்கள். பூப்பறிக்கும் அலுமினியத் தோட்டி, ஈர மூங்கில் இரண்டிலும் மின்சாரம் பாயும். 11 கிலோவோல்ட் கம்பியென்றால் தொடவே வேண்டாம், மிக அருகில் போனாலே ஆபத்து. மின்வாரியச் செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தியதை லைன்மேன் வாயால் கேட்ட பிறகே மரத்தில் ஆள் ஏறட்டும். கிளை ஏற்கெனவே கம்பிமேல் சாய்ந்து கிடந்தால் யாரையும் அண்டவிடாமல் மின்வாரியத்தின் 1912 எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.