நாட்டுத் தேனீயா, இத்தாலியனா? தை மாதம் பெட்டியைத் திறந்தால் தெரியும்

மார்கழியில் ரப்பர் இலை உதிர ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கம் தேனீ வளர்ப்பவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. தோட்டம் முழுக்கச் சருகு மெத்தை. இன்னும் சில வாரத்தில் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். அது இளம்பச்சைக்கு மாறுகிற சமயத்தில், மூன்று இலையும் சேருகிற காம்பு நுனியில் தேன் சுரக்கும். ஆமாம், பூவில் இல்லை, இலைக்காம்பில். மாசியும் பங்குனியும்தான் வருஷத்து அறுவடை. அதற்குள் பெட்டி நிறைய ஈ இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் பனி விலகியதும் செய்கிற வசந்தகாலச் சோதனையைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாங்கள் தை மாதம் செய்கிறோம்.

இந்தத் தையில் நான் திறந்து பார்த்தது பன்னிரண்டு பெட்டி. எல்லாமே நாட்டுத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ. இரண்டு வருஷம் ஐந்து இத்தாலியன் தேனீப் பெட்டியும் கூடவே வைத்திருந்து, போன வருஷம் விற்றுவிட்டேன். “மூணு மடங்கு தேன் தருமே, ஏண்டே குடுத்தே?” என்று மைத்துனர் இன்னும் விடாமல் கேட்கிறார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஐந்து பெட்டி, இரண்டு வருஷம் என்பது பெரிய அனுபவம் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தேன் கணக்கில் இத்தாலியனோடு போட்டி இல்லை. நாட்டுப் பெட்டியில் எனக்குச் சராசரியாக ஒன்பது கிலோ வந்தது, நல்ல பெட்டியில் பதின்மூன்று. இத்தாலியனில் முதல் வருஷம் இருபத்தாறு. சாதுவான குணமும் இத்தாலியனுக்குத்தான். இதில் வாதாட ஒன்றுமில்லை.

சோதனை பண்ணுவதும் இத்தாலியனில்தான் சுகம். தேனடை கட்டிய மரச் சட்டத்தைத் தூக்கினால் ஈக்கள் அடையிலேயே அமைதியாக நடந்துகொண்டிருக்கும், பருத்த ராணியைக் கண் தேடிப் பிடித்துவிடும். நாட்டு ஈயிடம் அதே வேலையைச் செய்து பாருங்கள். கதம்பைப் (தேங்காய் மட்டை) புகை ஒரு இழுப்பு கூடினால் போதும், மொத்தக் கூட்டமும் அடையின் கீழ் மூலைக்கு ஓடிக் கொத்தாகத் தொங்கும். ராணி அந்தக் கொத்துக்குள் எங்கேயோ இருக்கும். அதனால் நான் ராணியைத் தேடுவதையே விட்டுவிட்டேன். முட்டையைத்தான் பார்ப்பேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று சட்டத்தைச் சற்றுச் சாய்த்தால் அறையின் அடியில் வெள்ளை நூல்துண்டு மாதிரி தெரியும். நிமிர்ந்து நின்றால் அன்று வைத்தது, சாய்ந்திருந்தால் நேற்று, படுத்திருந்தால் முந்தாநாள். நிமிர்ந்த முட்டை நாலு கண்ணில் பட்டால் ராணி நலம். சட்டத்தை மூடிவிடலாம்.

இன்னொன்று, எடை. நாட்டு ஈக்கு நாங்கள் வைப்பது 1910களில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த பெட்டி. அதன் சட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 14 உயரம். புழு வளர்கிற கீழ் அறையும் மேலே தேன் அறையும் சேர்த்து ஒரு ஆள் கையில் தூக்கிச் சரிவில் ஏறிவிடலாம். இத்தாலியனுக்கு வேண்டியது லாங்ஸ்ட்ராத் பெட்டி, பத்துச் சட்டம். ரப்பர் தோட்டத்துப் படிக்கட்டில் தேன் நிறைந்த அறையோடு அதைத் தூக்கிய அன்று இரவு நான் குப்புறத்தான் படுத்தேன்.

சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயம். என்னை முடிவெடுக்க வைத்தது மழைக்காலம்.

தை மாதம் பெட்டியைத் திறக்கும்போது எத்தனை சட்டத்தில் ஈ உட்கார்ந்திருக்கிறது என்பது ஆனி, ஆடியிலேயே முடிவாகிவிடுகிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்துவிட்டால் ஆவணி வரைக்கும் இங்கே தேன் வரத்து கிடையாது. ரப்பர் மரம் பச்சைப் பசேலென்று நிற்கும், ஈக்கு அதில் ஒன்றும் இல்லை. மகரந்தம் கிடைப்பது பெரும்பாலும் தென்னையில், அதுவும் மழை விட்ட நேரத்தில். இந்த நாலு மாதமும் சர்க்கரைப் பாகு வைத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். நாட்டுப் பெட்டிக்கு வாரம் ஒரு சிரட்டைப் பாகு, ஈ மூழ்காமல் இருக்க நாலு ஈர்க்குச்சி. ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை. பதினெட்டு வாரத்துக்குப் பெட்டிக்கு மூன்றரைக் கிலோ சொச்சம். மழை சற்று ஓய்ந்தால் நாட்டு ஈ விடிகிற நேரத்திலேயே கிளம்பிப் போய், வீட்டைச் சுற்றி இருக்கிற தொட்டாற்சுருங்கியிலும் முருங்கையிலும் கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வரும். வரத்து குறைந்தால் ராணி முட்டை வைப்பதையும் குறைத்துக்கொள்ளும். இருப்பதற்குள் குடித்தனம் நடத்தத் தெரிந்த ஜாதி.

இத்தாலியன் அப்படி இல்லை. பெரிய குடும்பம், பெரிய வயிறு. ஒரு பெட்டிக்கு வாரம் முக்கால் கிலோவுக்குக் குறைந்தால் புழுவை வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தது. பதினெட்டு வாரத்துக்குப் பதின்மூன்றரைக் கிலோ. அதாவது மாசியில் எடுத்த இருபத்தாறு கிலோ தேனுக்கு, அதில் பாதி எடைக்குச் சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இத்தாலியன் வைத்து நாலு காசு பார்ப்பவர்கள் மழைக்காலத்தில் பெட்டியை இங்கே விடுவதே இல்லை. லாரியில் ஏற்றி, முருங்கையோ சூரியகாந்தியோ பூக்கிற ஊருக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஐம்பது, நூறு பெட்டி இருந்தால் லாரி வாடகை கட்டுபடியாகும். ஐந்து பெட்டிக்கு?

சர்க்கரைச் செலவைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் வருஷம் ஆடியில் நடந்ததுதான் கடுப்பு. பாகு ஊற்றும்போது கை தவறிக் கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. மழைக்கு நடுவே நல்ல வெயில் அடித்த மதியம். கால் மணி நேரத்தில் இத்தாலியன் பெட்டிகளிலிருந்து ஈக்கள் கிளம்பி, பதினைந்து அடி தள்ளியிருந்த நாட்டுப் பெட்டியின் வாசலில் மொய்த்தன. வாசலை இலை வைத்து அடைத்தேன், ஈரத்துணி போட்டு மூடினேன். சாயங்காலம் திறந்தால் தேன் சட்டம் சுரண்டித் துடைத்த மாதிரி காலி, அடிப்பலகையில் கைப்பிடி கைப்பிடியாகச் செத்த ஈ. மிஞ்சிய கூட்டம் மறுநாள் காலை பெட்டியை விட்டே போய்விட்டது. சிறு இடத்தில் இரண்டையும் சேர்த்து வைக்கலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்.

அப்புறம் உண்ணி. வரோவா உண்ணி பிறந்தது நாட்டு ஈயிடம்தான், ஆனால் அதற்கும் இதற்கும் நெடுநாள் பழக்கம். நாட்டு ஈயில் அது ஆண் ஈ அறைக்குள் மட்டும்தான் பெருகும், மேலே ஒட்டினால் வேலைக்கார ஈக்கள் தட்டிவிட்டும் கடித்தும் தள்ளும். இத்தாலியனில் வேலைக்கார ஈயின் புழுவிலும் பெருகும். போன முறை தைச் சோதனையில் இத்தாலியன் ஆண் ஈ அறைகளைக் கத்தி முனையால் கிள்ளிப் பார்த்தேன். வெள்ளைக் கூட்டுப்புழுவின் முதுகில் செங்கல் நிறத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒன்று, சில புழுவில் இரண்டு மூன்று. பெட்டி வாசலில் சிறகு சுருங்கிய ஈக்கள் பறக்க முடியாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. பார்மிக் அமிலம் வைக்கலாம், சட்டத்தின் மேல் கந்தகத் தூள் தூவலாம். ஆனால் கொழுந்து விட ஆரம்பித்த பிறகு வைத்தால் அந்த நெடி தேனில் ஏறும். ஆக, ஐப்பசி கார்த்திகையிலேயே செய்திருக்க வேண்டும். அப்போது நான் மழையைச் சாக்கு வைத்துத் தள்ளிப்போட்டேன். தப்பு என்னுடையதுதான். அந்த மாசியில் ஐந்து பெட்டிக்கும் சேர்த்தே நாற்பத்தெட்டு கிலோதான் தேறியது. நாட்டு ஈயை விட வித்தியாசம் பெட்டிக்கு அரைக் கிலோ சொச்சம்.

நாட்டு ஈ மட்டும் என்ன, தலைவலி இல்லாததா? தை மாதம் அதற்குப் பிரிந்து போகிற மாதம். பெட்டியில் ஈ பெருகியதும் முதலில் ஆண் ஈ அறைகள் தெரியும். மூடி கூம்பாக, நடுவில் ஊசித்துளையோடு இருக்கும். அதைப் பார்த்தால் அடுத்து அடையின் கீழ் விளிம்பில் ராணி அறை தேட வேண்டும், வேர்க்கடலை தொங்குவது மாதிரி இருக்கும். முட்டை வைத்த எட்டாம் நாள் வாக்கில் அந்த அறை மூடப்படும். மூடினால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். வாரம் ஒருமுறை திறந்து கிள்ளிவிட வேண்டும், அல்லது முன்கூட்டியே நாமே பெட்டியைப் பிரித்துவிட வேண்டும். இந்தத் தையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் பதினோரு நாள் திறக்கவில்லை. திரும்பி வந்தால் மூன்றாம் நம்பர் பெட்டியின் கூட்டம் பக்கத்து வீட்டுப் பலா மரத்தில், ஏணி எட்டாத கிளையில். “உங்க ஈ இப்போ எங்க ஈ ஆயிட்டுது” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சாயங்காலம் அதுவும் இல்லை.

பெட்டியைப் பிரிப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. கூடுதல் கூட்டத்தை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. இத்தாலியனை நான் விற்றபோது வாங்க ஆள் தேடி இரண்டு மாதம் அலைந்தேன்.

பயப்பட வேண்டியது புழுவைக் கொல்கிற தாய் (தாய்லாந்து) சாக்புரூட் வைரஸுக்குத்தான். 1991-92இல் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் குடும்பங்களைக் கூண்டோடு அழித்தது அது. இங்கே இத்தாலியன் வந்ததே அந்த அடிக்குப் பிறகுதான். 1960களிலேயே வடக்கே இமாசலத்தில் காங்க்ரா பக்கம் நாக்ரோட்டா பக்வானில் வேரூன்றிவிட்ட ஈ அது. அந்த வைரஸ் தாக்கினால் நாட்டு ஈயின் புழு அறைக்குள் தலையைத் தூக்கிப் படகு மாதிரி வளைந்து செத்துக் கிடக்கும், குச்சியால் எடுத்தால் நீர் கோத்த பை மாதிரி வரும். மருந்து கிடையாது. என் பெட்டிகளில் இதுவரை வந்ததில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். இத்தாலியனுக்கு அந்த விதத்தில் பயமில்லை.

லாரி, நூறு பெட்டி, கூட இரண்டு ஆள், வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போகத் தெம்பு இருக்கிறவர்கள் இத்தாலியன் வைக்கட்டும். நான் காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பத்து மணிக்குமேல் பெட்டியைத் திறக்கிறவன். வீட்டுப் பின்னால் பன்னிரண்டு பெட்டி எனக்குப் போதும்.

நேற்று பார்த்ததில் எட்டுப் பெட்டியில் ஆறு சட்டமும் ஈ நிறைந்திருக்கிறது. தேன் அறை ஏற்றிவிட்டேன். இரண்டு பெட்டி சுமார். ஒன்பதாம் நம்பரில் நிமிர்ந்த முட்டை ஒன்றும் கண்ணில் படவில்லை, மூன்று நாள் பொறுத்துத் திறக்க வேண்டும். ஏழாம் நம்பரில் நாலு ராணி அறை கிள்ளினேன். ஒன்றை விட்டிருக்கிறேன், அதை மூன்றாம் நம்பருக்கு மாற்றலாம் என்று யோசனை. மேட்டுத் தோட்டத்தில் கொழுந்து செம்பு நிறம் விட ஆரம்பித்துவிட்டது.