ஆய்வக இறைச்சி: அறம் பேசுவதா, தட்டில் வைப்பதா?

விலங்கின் செல்லை எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சியை மக்கள் ஏற்கச் செய்ய இரண்டு வழிகளை முயல்கிறார்கள்.

ஒன்று, அறவாதம்: விலங்குகள் சாக வேண்டாம், புவி வெப்பமும் குறையும். கேட்பவர் தலையாட்டுவார், கடையில் பழகியதையே எடுப்பார். இதுவரை சாப்பிட்டதே குற்றம் என்று ஒலிப்பதுதான் இதன் பெரிய பலவீனம். காலநிலைக்கான நன்மையும் தொழிற்சாலை எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

மற்றது, சுவை, விலை, செய்முறை மூன்றையும் திறந்து காட்டுவது. என் நம்பிக்கை இதில்தான். 2013இல் லண்டனில் டச்சு விஞ்ஞானி மார்க் போஸ்ட் காட்டிய ஆய்வக இறைச்சி பர்கருக்குச் சுமார் 2,50,000 யூரோ செலவானது. 2020இல் சிங்கப்பூர் உலகிலேயே முதலில் விற்பனைக்கு அனுமதி தந்தது. 2024இல் அங்கே கடைக்கு வந்த பொட்டலத்தில் ஆய்வகத்தில் வளர்த்த கோழியிறைச்சி 3 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி தாவரப் புரதம். விலையைக் குறைக்க அது நல்ல உத்தி. ஆனால் அந்த 3 சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். செல் எந்த விலங்கிலிருந்து வந்தது, வளர்த்த கரைசலில் கன்றுக்கருவின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் இருந்ததா என்பதையும் எழுத வேண்டும். இத்தாலி 2023இல் இந்த இறைச்சிக்குத் தடையே விதித்துவிட்டது. அங்கே முதலில் பேச வேண்டியது கால்நடை விவசாயிகளிடம்.