அமாவாசைக்கு மறுநாள் முதல் அரைவை: செவ்வாய்ப்பேட்டை மாவு மில் ஒன்று

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மளிகை மண்டிகளுக்குப் பின்னால் போகும் சந்தொன்றில் உள்ள சிறிய மாவு மில்லில்தான் கடந்த ஓராண்டாகக் கேழ்வரகு, சாமை, பச்சரிசி, கடலைப்பருப்பு எல்லாவற்றையும் அரைத்து வாங்குகிறேன். விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. மாவு மில்லுக்கெல்லாம் விமர்சனம் எழுதுவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கு மருந்துக்கடையைக் காட்டிலும் இந்த மில் முக்கியம் என்பதை விளக்க வேண்டுமானால், என் முழங்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு முழங்கைகளிலும் முழங்கால்களிலும், பிடரியிலும் இடுப்புக்குக் கீழேயும், ஒரு பக்கம் வந்தால் மறு பக்கமும் அதே இடத்தில் வந்தாக வேண்டும் என்பதுபோல், கடுகளவு கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும்பும். அரிப்பு தாங்காமல் சொறிந்து விடுவதால், மருத்துவரிடம் காட்டும்போது கொப்புளம் இருக்காது. காய்ந்த பொருக்குதான் இருக்கும். சிரங்கு என்று சொல்லி, ஒரு மருத்துவமனையில் குடும்பத்தில் உள்ள அத்தனை பேருக்கும் கழுத்திலிருந்து கால்வரை மருந்து பூசச் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு தோல் மருத்துவர், புண்ணை விட்டுவிட்டு, அதன் ஓரத்தில் இருந்த நல்ல தோலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒளிரும் சாயமிட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையில், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் பொடிப்பொடியாகப் படிந்திருந்தது தெரிந்தது. டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்பது நோயின் பெயர். 1884-இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் டூரிங் வைத்த பெயர் அது. கொப்புளங்கள் கொத்தாக வரும் சாயலுக்காக வைத்ததே தவிர, ஹெர்ப்பீஸ் கிருமிக்கும் இதற்கும் உறவில்லை. இது ஒட்டுவதும் இல்லை.

இந்த நோயில், கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் குடல் பகையாகக் கருதுகிறது. அதற்கெதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருட்கள், தோலில் உள்ள ஒரு நொதியையும் சேர்த்துத் தாக்குகின்றன. குளூட்டனால் குடல் பழுதுபடும் சீலியாக் நோயின் தோல் முகம் இது என்றார் மருத்துவர். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமலே குடல் பழுதுபட்டிருக்கலாம் என்பதால், பல பேருக்குத் தோல்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

டாப்சோன் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அரிப்பு அடங்கியது. அது தொழுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரையாயிற்றே என்று அம்மா பதறியது தனிக்கதை. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால், முதலில் அதற்கான இரத்தச் சோதனையும், பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளில் மற்ற இரத்தச் சோதனைகளும் செய்தாக வேண்டும். தோலை அடக்குகிற இந்த மாத்திரை குடலைச் சீராக்குவதில்லை. அதற்கு ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத உணவு ஒன்றே வழி. அதன் பலன் தோலில் முழுமையாகத் தெரிய மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும்.

சோறு தின்கிற ஊரில் இதிலென்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். பரோட்டாவையும் சேமியாவையும் ரவையையும் பார்லி சேர்ந்த மால்ட் பானத்தையும் விட்டேன். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பதை டப்பாவின் பின்புறம் படித்த பிறகு அதையும் விட்டேன். அதனால் தட்டுவடை செட்டும் போயிற்று. சேலத்துக்காரருக்கு அது சிறிய இழப்பல்ல. (ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது என்பதால், அந்த மட்டும் ஊர் என்னைக் கைவிடவில்லை.) இத்தனைக்குப் பிறகும் முழங்கை ஆறவில்லை. காரணம் வீட்டருகே இருந்த மில். கோதுமைக்குத் தனி எந்திரம், மிளகாய்க்குத் தனி எந்திரம், அரிசிக்குத் தனி எந்திரம் என்று எல்லா மில்லிலும் வைத்திருப்பார்கள். ஆனால் வறுத்த கோதுமை சேர்த்த சத்துமாவை அரிசி எந்திரத்தில்தான் போடுவார்கள். எனக்கு முன்னால் நிற்பவரின் மாவில் ஒரு பிடி என் தூக்கில் விழுவது மில்லில் வழக்கமான செய்தி. யாரும் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை.

செவ்வாய்ப்பேட்டை மில்காரரிடம் இதைச் சொன்னபோது, "ஏங்கண்ணு, ஒரு பிடி கோதுமைக்கா இந்தப் பாடு?" என்று கேட்டார். சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அமாவாசைக்கு மறுநாள் வெடியால வந்துருங்க" என்றார். அமாவாசையன்று மில்லுக்கு விடுமுறை. அன்றுதான் அரிசி எந்திரத்தைப் பிரித்து, பிரஷ் போட்டுத் துடைத்து, கல்லைக் கொத்தி மாட்டுகிறார்கள். கல் கொத்திய பின் முதலில் அரைக்கும் மாவில் மண் நறநறக்கும் என்பதால் மறுநாள் முதல் ஆளாக வர ஒருவரும் விரும்புவதில்லை. வேண்டாத அந்த முறைதான் எனக்கு வாய்த்தது. ஒரு கிலோ ரேஷன் அரிசியை முதலில் போட்டு ஓட்டுகிறோம். மண்ணும் மிச்சம் மீதியும் அதோடு வந்துவிடும். அந்த மாவு அவர் வீட்டு மாட்டுக்கு. பிறகு என் தானியங்கள், அரிசியில் தொடங்கிக் கேழ்வரகில் முடியும். கூலி கிலோவுக்குப் பத்து ரூபாய். ரேஷன் அரிசிக்குக் கூலி வாங்குவதில்லை.

மூன்றாம் மாதம் மீண்டும் கொப்புளம் வந்தது. எல்லாவற்றையும் மறுபடி யோசித்தபோது, எந்திரத்தின் வாயில் மாவு சிந்தாமல் இருக்கக் கட்டியிருக்கும் துணிக்குழாய் கண்ணில் பட்டது. கல்லைக் கழற்றியவர்கள் அதைக் கழற்றவில்லை. தட்டிப் பார்த்தால் பல நாள் மாவு புகையாக எழுந்தது. அதுதான் காரணம் என்று சாதிக்க முடியாது. ஆனால் பழைய காடா வேட்டியில் எனக்கென்று ஒரு குழாய் தைத்துக் கொண்டுபோகத் தொடங்கிய பின் முழங்கை ஆறியது. டாப்சோன் அளவை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து இப்போது கால் பங்குக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. கோதுமை எந்திரம் ஆறடி தூரத்தில்தான் இருக்கிறது. அது ஓடத் தொடங்கிவிட்டால் மாவுத் தூசி கடை முழுவதும் பரவும். ஆகவே ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டு, தூக்கை மூடி வெளியே வந்துவிட வேண்டும். என் கதையைக் கேட்டதிலிருந்து முன்மேசையில் விற்கும் கேழ்வரகு மாவுப் பாக்கெட்டுகளில் 'குளூட்டன் இல்லாதது' என்று ஒட்டத் தொடங்கியிருக்கிறார். இதை நான் ஏற்கவில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படி எழுதக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதே மேசையில், அதே அள்ளியால் கோதுமை மாவும் கட்டுகிறார். சொன்னேன், ஒட்டியதெல்லாம் தீரட்டும் என்கிறார். நல்ல மனிதர்தான், ஆனாலும் அந்தப் பாக்கெட்டை இந்த நோய் உள்ளவர்கள் தொட வேண்டாம்.

அரைக்கப் போகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்கள் அதிரச மாவுக் கூட்டம் இருக்கும், அப்போது எந்த முறையும் நிற்காது. துணிக்குழாயை மறக்காமல் எடுத்துப் போங்கள். கேட்டால் அவர்களுடையதைத் துவைத்ததுதான் என்று சொல்லிக் கட்டிவிடுவார்கள்.