நெல் குவியல் பக்கத்தில் 11 ராத்திரி: சின்ன டென்ட்டுக்குள் எதை விரிப்பது, எதைப் போர்த்துவது?

போன தை மாதம் கொள்முதல் நிலையக் களத்தில் சம்பா நெல்லைக் கொட்டிவிட்டு 11 ராத்திரி காவல் படுத்தேன். ஏன் 11 ராத்திரி என்று டெல்டாக்காரர்கள் கேட்கமாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எடை போட நம் முறை வரும்வரை குவியல் நம் பொறுப்புதான். மாடு வாய் வைக்கும், ராத்திரி பனி இறங்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடியும் வெயிலில் கிளறிவிட வேண்டும். சாயங்காலம் படுதாவை இழுத்து மூடவும், காலையில் திறந்து காயவிடவும் ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

வழக்கமாக டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுப்பேன். 52 வயதில் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சென்னையில் இருக்கும் மகள், இரண்டு பேர் படுக்கும் குடை டென்ட் ஒன்றை வாங்கி அனுப்பினாள். டென்ட்டைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. ஜிப்பை முழுக்கப் போட்டால் கொசு வராது. அதைவிட முக்கியம், கட்டுவிரியன் வராது. நெல் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். தரையில் படுப்பவனின் போர்வைக்குள் நுழைவதில் கட்டுவிரியனுக்கு ஈடு கிடையாது. சிமெண்டுக் களத்தில் முளை இறங்காது என்பதால் நான்கு மூலையிலும் ஒவ்வொரு 40 கிலோ நெல் மூட்டையை வைத்துக் கட்டினேன். வாடைக் காற்றுக்கு அசையவே இல்லை.

பிரச்சினை உள்ளே படுத்த பிறகுதான் ஆரம்பித்தது.

முதல் இரண்டு ராத்திரி காற்றடைத்த மெத்தை. ஆன்லைனில் வாங்கியது, 1,400 ரூபாய். கால் பம்ப்பால் மிதித்து ஊதிப் படுத்தபோது ராஜ வாழ்க்கையாகத்தான் இருந்தது. நடுராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பு சிமெண்டில் இடித்து விழித்தேன். ஓட்டை என்று நினைத்து, விடிந்ததும் வாய்க்காலில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. ராத்திரி குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், மெத்தை தொய்யும், அவ்வளவுதான் விஷயம். மறுநாள் படுக்கும் முன்னால் இன்னொரு தடவை ஊதிப் பார்த்தேன். தொய்வு குறைந்தது, குளிர் குறையவில்லை. உள்ளே பஞ்சு, ஃபோம் எதுவும் இல்லாத வெறும் காற்று மெத்தையில் காற்று அங்கும் இங்கும் ஓடி, உடம்புச் சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறது. முதுகுக்குக் கீழே குளத்துத் தண்ணீர் இருப்பது போல இருந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஹாலில் போட்டுக்கொடுக்கலாம். களத்துக்கு ஆகாது.

மூன்றாம் ராத்திரி ஸ்லீப்பிங் பேக். 2,200 ரூபாய். லேபிளில் ‘கம்ஃபர்ட் 10 டிகிரி’ என்று போட்டிருந்தது. நம் ஊரில் தை மாதத்து விடியற்காலை 20 டிகிரி, கொஞ்சம் முன்னே பின்னே. ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு அதுவே குளிர். 10 டிகிரிக்குத் தாங்குவது 20 டிகிரிக்கு இரண்டு மடங்கு நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது மணிக்கே உள்ளே அவிந்துபோனேன். பாலியஸ்டர் உள்துணி வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஜிப்பைத் திறந்தால் குளிர், மூடினால் புழுக்கம். நாலு மணிக்கு அந்த வியர்வையே ஈரமாகி என்னை நடுங்கவைத்தது.

இந்த லேபிள் விஷயத்தை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஐஎஸ்ஓ 23537 என்ற அளவுகோலின்படி ‘கம்ஃபர்ட்’ என்பது ஒரு சராசரிப் பெண் உடம்பைத் தளர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். ‘லிமிட்’ என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது தூங்குவதற்கான எண்ணே இல்லை, உயிர் பிழைப்பதற்கானது. வாங்குபவர்கள் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். நம் பக்கத்துக்கு வாங்கினால் 15 டிகிரி, அதற்கு மேல் போட்டிருப்பதே போதும். காலடி வரை ஜிப் திறந்து போர்வையாக விரிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். என்னுடையது முட்டி வரைதான் திறக்கும்.

நாலாம் நாள் காலை நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துப் பக்கத்துக் குவியல் பெரியவர் டீ கிளாஸோடு வந்தார்.

“என்ன தம்பி, அவ்ளோ பெரிய பை வச்சிருந்தும் தூக்கம் இல்லையா?”

“குளிருதுங்க பெரியப்பா. மேல போர்த்தினா வேர்க்குது, கீழ சில்லுங்குது.”

“தைப்பனி தரையைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? கீழ போடுங்க தம்பி, கீழ!”

மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அந்தப் பழமொழிக்கு இன்னொரு பாதியும் உண்டு. அது கிடக்கட்டும், முதல் பாதியில்தான் என் விஷயம் முழுக்க இருந்தது. ஸ்லீப்பிங் பேக்கிலும் சரி, மெத்தையிலும் சரி, கதகதப்பைத் தருவது பஞ்சுக்குள் அடைபட்டு நிற்கும் காற்று. முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நம் எடையில் நசுங்கிப் போவதால் அங்கே காற்றே கிடையாது. சிமெண்டுத் தரை அந்தப் பக்கமாகச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதில் ஏமாற்று வேலை வேறு: சாயங்காலம் ஏழு மணிக்கு, பகல் வெயில் பட்ட களம் கதகதப்பாகத்தான் இருக்கும். பாதி ராத்திரிக்கு மேல் மாறிவிடும்.

அன்றைக்கே பெரியவர் சொன்னபடி செய்தேன். டென்ட்டைத் தூக்கி, அடியில் ஒரு முழங்கை உயரத்துக்கு வைக்கோல். படுத்ததும் அது நாலு விரல் கனமாக அமுங்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. மெஷின் அறுத்த வைக்கோல் நொறுங்கிக் கிடக்கும், தூசி அதிகம், அன்றைக்கு அறுத்ததாக இருந்தால் ஈரமும் இருக்கும். ஒரு பகல் முழுக்க வெயிலில் புரட்டிய பிறகு போடுங்கள். கையால் அறுத்த நீள வைக்கோல் கிடைத்தால் அதுதான் உத்தமம். எதுவானாலும் டென்ட்டுக்கு வெளியே, அடியில்தான் இருக்க வேண்டும். உள்ளே போட்டால் விடிய விடியச் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

டென்ட்டுக்குள் 600 ரூபாய் ஃபோம் பாய். யோகா பாய் அல்ல, அதைவிடக் கெட்டியாக, மடக்கி அடுக்கும் வகை, முட்டை அட்டை மாதிரி குழிகள் இருக்கும். இப்படிப்பட்ட பாய்களுக்கு ‘ஆர்-வேல்யூ’ என்று ஒரு எண் உண்டு. கூடக்கூட தரைக் குளிர் மேலே வருவது குறையும். இரண்டு விரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். நம் கோரைப்பாய்க்கு யாரும் எண் போட்டதில்லை. ஆனால் ஃபோமுக்கு மேலே முசிறிக் கோரைப்பாயைப் போட்டுப் படுத்தபோது வேறொரு நன்மை தெரிந்தது. ஃபோம் ஈரத்தை உறிஞ்சாது, முதுகு வேர்த்தால் அங்கேயே நிற்கும். கோரை அதை வாங்கிக்கொண்டு முதுகைக் காயவிடுகிறது. மன்னார்குடியில் பந்தலடிப் பக்கம் 350 ரூபாய்க்கு வாங்கிய பாய். டென்ட்டின் அகலத்துக்கு ஓரத்தை மடக்க வேண்டியிருந்தது, மடிப்பில் இரண்டு கோரை ஒடிந்துவிட்டது.

நாலாம் ராத்திரி தூங்கினேன். வடுவூர் ஏரிப் பக்கம் போகும் பறவைகளின் சத்தத்தில்தான் எழுந்தேன்.

போர்த்துவதற்கு இரண்டு வைத்திருந்தேன். ஒன்று அப்பாவின் ஆட்டு ரோமக் கம்பளி. குத்தும், கனம், மழை நாளில் ஆட்டுக்கிடை வாசனை வேறு. ஆனாலும் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, கதகதப்பும் போகாது. இன்னொன்று பவானி ஜமக்காளம், எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. அது விரிப்புதான், போர்வை அல்ல என்று தெரியும். ஆனால் மெல்லிய பருத்திப் போர்வைக்கு மேலே போட்டால் அந்தக் கனம் உடம்பை அமர்த்துகிறது. பத்து மணிக்கு ஜமக்காளம், மூன்று மணிக்குக் கம்பளி என்று மாற்றிக்கொண்டேன். ஒரே கனமான போர்வையைவிட இரண்டு மெல்லியது நம் ஊருக்குச் சரி.

தலையணை? போடி இலவம்பஞ்சுத் தலையணை. வேறு பேச்சே வேண்டாம்.

ஏழாம் ராத்திரி பனி அதிகம் என்று டென்ட்டின் மேல் ஜன்னலையும் மூடிவிட்டேன். பெரிய தப்பு. விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்தால் உள்பக்கத் துணி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பனி உள்ளே வரவில்லை, நான் விட்ட மூச்சுதான் துணியில் பட்டுத் தண்ணீராகி நின்றது. என் உயரம் ஐந்தடி ஒன்பது. கால் போய்ச் சுவரைத் தொட்ட இடத்தில் ஜமக்காளம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு பனி இறங்கினாலும் மேல் ஜன்னலை நான்கு விரல் திறந்தே வைத்தேன். படுக்கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மூலைவாட்டமாகப் போட்டேன். ‘இரண்டு பேர் டென்ட்’ என்று போட்டிருந்தால், படுக்கையோடு சேர்த்து ஒருவருக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நெல்லைக் காயவைக்கும்போதே கோரைப்பாயையும் கம்பளியையும் படுதாவின் ஓரத்தில் போட்டுவிடுவேன். வெயில் படாத நாள் ஒன்று வந்தது, அன்று ராத்திரி இரண்டுமே சில்லென்றுதான் இருந்தன.

பன்னிரண்டாம் நாள் நெல் எடைக்குப் போனது. கோரைப்பாயைப் பெரியவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவருக்கு முன்னால் இன்னும் ஆறு குவியல் இருந்தது. ஸ்லீப்பிங் பேக்கை அக்கா மகன் கொடைக்கானலுக்கு எடுத்துப் போனான். “மாமா, செம தூக்கம்” என்று போன் பண்ணினான். அவனிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.