ஆல்டர்னேட்டரை மாற்றுவதா, மல்டிமீட்டரை எடுப்பதா?

சிறிய விமானத்தில் சார்ஜிங் தகராறு வந்தால் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில்தான் போகிறார்கள். ரெகுலேட்டரை (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றுவது, சரியாகவில்லை என்றால் ஆல்டர்னேட்டரை (இன்ஜினால் ஓடி மின்சாரம் தருவது) மாற்றுவது என்று பாகம் பாகமாகப் போவது ஒரு வழி. எதையும் கழற்றுவதற்கு முன்பே மல்டிமீட்டரை வைத்து, வோல்டேஜ் எங்கே குறைகிறது என்று தேடுவது இன்னொன்று. என் விமானத்தில் அம்மீட்டர் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடத் தொடங்கியபோது இரண்டாவது வழியில் போனேன். மறுபடி வந்தாலும் அப்படித்தான் போவேன்.

பெல்ட் தொய்வு, பேட்டரி முனைகள், தெறித்துக் கிடக்கும் சர்க்யூட் பிரேக்கர் இதையெல்லாம் எந்த வழியில் போகிறவரும் முதலில் பார்த்துவிடுவார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: உங்கள் மீட்டர் எதைக் காட்டுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பழைய செஸ்னாக்களில் பூஜ்யம் நடுவில் இருக்கும் அம்மீட்டர், பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா வெளியே வருகிறதா என்று காட்டும். பைப்பர் செரோக்கி போன்றவற்றில் இருக்கும் லோடுமீட்டர், ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுக்கிறது என்று காட்டும். முள் பூஜ்யத்தில் நிற்பது முதலாவதில் நல்ல சேதி, இரண்டாவதில் கெட்ட சேதி.

பாகம் மாற்றும் வழியிலும் நியாயம் இருக்கிறது. ஆல்டர்னேட்டருக்குள் பிரஷ் தேய்ந்துவிட்டது, பேரிங் கரகரக்கிறது, டயோடு போய்விட்டது என்று தெரிந்தால் கழற்றத்தான் வேண்டும். டயோடு போனது பல நேரம் ஹெட்செட்டிலேயே கேட்கும். இன்ஜின் வேகம் ஏற ஏற ஊளைச் சத்தமும் ஏறும். லோடு குறைவாக இருக்கும்வரை சமாளித்து, லேண்டிங் லைட்டும் பிட்டோ ஹீட்டும் (வேகமானிக்கான குழாயைச் சூடாக்குவது) போட்டவுடன் வோல்டேஜ் விழுவதும் அதற்கு ஓர் அடையாளம். அப்படித் தெளிவாகத் தெரிந்தால் அளந்துகொண்டே இருப்பதில் பொருளில்லை.

ஆனால் முள் ஆடுவது, விட்டு விட்டு சார்ஜ் ஆவது போன்ற கோளாறுகள் வேறு ஜாதி. ஆல்டர்னேட்டருக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் சுருள்தான் ஃபீல்டு; அதற்கு எவ்வளவு மின்சாரம் என்பதை ரெகுலேட்டர் தீர்மானிக்கும். 14 வோல்ட் அமைப்பில் பஸ்ஸிலிருந்து (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் பொதுக் கம்பி) கிளம்பும் மின்சாரம் ஃபீல்டு பிரேக்கர், பேட்டரி, ஆல்டர்னேட்டர் என்று இரண்டாகப் பிரிந்த மாஸ்டர் சுவிட்சின் ஆல்டர்னேட்டர் பாதி, வோல்டேஜ் எல்லை மீறினால் துண்டிக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலே எல்லாவற்றையும் தாண்டித்தான் ரெகுலேட்டருக்கு வருகிறது. பல விமானங்களில் ரெகுலேட்டர் பஸ் வோல்டேஜைப் பார்ப்பதும் அதே ஒயர் வழியாகத்தான். வழியில் ஒரு கனெக்டரில் களிம்பு பிடித்து 0.2 ஓம் தடை சேர்ந்தால் போதும், 3 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். பஸ்ஸில் 14 வோல்ட் இருக்கும், ரெகுலேட்டருக்கு 13.4 என்று தெரியும். போதவில்லை என்று அது ஃபீல்டுக்கு இன்னும் கொடுக்கும். கொடுக்கக் கொடுக்க வழியில் இழப்பும் கூடும். பஸ் வோல்டேஜ் எகிறியதும் குறைக்கும்; குறைத்தவுடன் இழப்பும் குறைந்து வோல்டேஜ் இன்னும் அதிகமாகத் தெரிய, மேலும் குறைக்கும். முள் ஆடுவது இதனால்தான். ரெகுலேட்டர் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகவே வேலை செய்கிறது. அதைப் புதிதாக மாற்றினால் அதுவும் அதே தப்பான வோல்டேஜைத்தான் பார்க்கும்.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினே ஓட வேண்டாம். மேக்னெட்டோ (இன்ஜினுக்குப் பொறி தருவது) ஆஃப், சாவி வெளியே, புரொப்பெல்லர் பக்கம் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மாஸ்டரின் இரண்டு பாதிகளையும் போடுங்கள். மீட்டரின் சிவப்பு முனை பஸ்ஸில், கறுப்பு முனை ரெகுலேட்டரின் இன்புட்டில். திரையில் வருவதுதான் வழியில் தொலைந்த வோல்டேஜ். பிறகு கறுப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாகப் பின்னால் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு. எனக்கு அது மாஸ்டர் சுவிட்ச். சுவிட்சைக் கட்டைவிரலால் லேசாக ஒரு பக்கம் அழுத்தினால் திரையில் எண் இறங்கும், விட்டால் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் சுவிட்சில் ஒரு குறையும் தெரியவில்லை. நீண்ட நேரம் இப்படி வைத்திருக்காதீர்கள். பேட்டரி இறங்கும், காற்றோட்டம் இல்லாமல் ஃபீல்டு சுருளும் சூடாகும். எர்த் பக்கத்தையும் இதே மாதிரி பார்க்கலாம்: ரெகுலேட்டர் பெட்டியிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரை. ஃபயர்வாலில் (இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்பு) ரெகுலேட்டர் பெட்டி உட்காரும் இடத்தில் பெயின்டோ துருவோ இருந்தால் மீட்டர் சொல்லிவிடும்.

செலவை வைத்து இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிடுவார்கள். எனக்கு அது முக்கியமில்லை. ஒரு பாகத்தை மாற்றும்போது அதோடு சேர்ந்த கனெக்டர்களையும் கழற்றி மாட்டுகிறோம். கழற்றி மாட்டுவதிலேயே களிம்பு உரசிப் போய், தொடர்பு கொஞ்ச நாளைக்குச் சரியாகிவிடும். முள் அடங்கிவிடும், நல்ல பெயர் புது ரெகுலேட்டருக்குப் போகும். சில வாரம் கழித்து, அதுவும் இரவிலோ மேகத்துக்குள்ளோ, மறுபடி ஆடும். கோளாறு தீர்ந்ததா, சும்மா மறைந்து கிடக்கிறதா என்று அந்த வழியில் தெரிந்துகொள்ள முடியாது. அளந்தால் கையில் ஓர் எண் இருக்கும். பழுதுக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று பராமரிப்புக் குறிப்பில் எழுதிவைத்தால், அடுத்த வருடாந்திரச் சோதனையில் அதே இடத்தில் முனையை வைத்து ஒப்பிடலாம். 0.1 ஆக இருந்தது 0.3 ஆகியிருந்தால், முள் ஆடுவதற்கு முன்பே கை வைத்துவிடலாம். பழைய விமானம் வைத்திருப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் பார்த்தது எல்லாம் பெல்ட்டில் ஓடும் 14 வோல்ட் அமைப்புதான். 28 வோல்ட்டிலும் தர்க்கம் ஒன்றே, எண்கள் மாறும்; அந்த விமானத்தின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கான்டினென்டல் இன்ஜின்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் பற்சக்கரத்தில் ஓடும். அதன் கப்ளிங் வழுக்கினாலும் சார்ஜ் விட்டு விட்டு வரும், சிதைந்தால் துகள்கள் இன்ஜினுக்குள் போகும். நான் கையாண்டதில்லை என்றாலும், அங்கே சந்தேகம் வந்தால் சீக்கிரம் கழற்றிப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன்.

அளந்தது நான், சுவிட்சை மாற்றிக் கையெழுத்துப் போட்டது உரிமம் பெற்ற மெக்கானிக். அப்புறம் ஒரு வேலை பாக்கி இருந்தது. சார்ஜ் இல்லாமல் இறங்கிப்போன பேட்டரியை ஆல்டர்னேட்டரே ஏற்றிக்கொள்ளும் என்று விடாமல், கழற்றி வெளியே சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு 12.6 வோல்ட்டுக்குக் குறையவில்லை என்று பார்த்த பிறகுதான் திரும்ப மாட்டினோம்.