இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் மூன்று மில்லிமீட்டரும்

இருபது வருடம் ரேடியோ பழுது பார்த்த கை என்னுடையது. பற்றவைக்கும்போது நடுங்காது. கைரம்பத்தைப் பிடித்தால் மட்டும் கோடு வைகை மாதிரி வளைந்து போகும். அதனால்தான் ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) இரண்டுக்குப் பெட்டி செய்ய நினைத்தபோது, தெப்பக்குளம் பக்கம் அளவு சொன்னால் அறுத்துக் கொடுக்கிற ஒரு பலகைக் கடைக்குப் போனேன். குறையும் சொல்லப் போவதால் கடையின் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லது. முழுப் பலகை 8க்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. எனக்கு வேண்டியதோ பதினொன்று சொச்சம். நான் விசாரித்த மற்ற கடைகளில் முழுதாகத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். இங்கே நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கொடுத்தார்கள். பிளைவுட்டையும் எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். தேங்காய் தட்டுவதுபோல் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் சத்தம் பொக்கென்று மாறியது. உள்ளடுக்கில் இடைவெளி. அந்த மாதிரி இடம் பெட்டியில் வந்தால் வூஃபர் அதிரும்போது பலகையும் கூடவே கடகடக்கும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை எடுத்துக்கொண்டேன். கனம் அதிகம், தண்ணீர் ஆகாது, ஆனால் முழுக்க ஒரே சீர்.

இனி அந்த மூன்று மில்லிமீட்டர். பெட்டியின் வெளி அளவு அகலம் 240, உயரம் 400, ஆழம் 300 மில்லிமீட்டர். பக்கப் பலகை நான்கும் மேல், கீழ்ப் பலகை நான்கும் 264 அகலமுள்ள ஒரே பட்டையில் வர வேண்டும். நான்கு 400, நான்கு 204 என்று நீளத்தைக் கூட்டினால் 2416. பலகை 2440. ரம்பத் தகடு ஒவ்வொரு வெட்டிலும் மூன்று மில்லிமீட்டரைத் தூளாக்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். ரம்ப மேசையில் நின்ற தம்பி தாளைப் பார்த்தார், "24 மிச்சம் இருக்கிறதே அண்ணே" என்றார், 400, 800, 1200, 1600 என்று வரிசையாகப் பென்சில் கோடு போட்டு நடுக்கோட்டிலேயே அறுத்துவிட்டார். நான் அப்போது டீ குடிக்கப் போயிருந்தேன். அது என் தப்பு.

வீட்டுக்கு வந்து மூலைமட்டம் வைத்தால் முதல் துண்டு 398.5, அடுத்த மூன்றும் 397. மேல், கீழ்ப் பலகைகளும் 204க்குப் பதில் 201. முகப்பும் முதுகும் மட்டும் ரம்ப மேசையில் அளவுக்குப் பொருத்திய தடுப்புப் பட்டையோடு அணைத்து அறுத்தவை என்பதால் 240க்கு 400 அச்சாக இருந்தன. ஒட்டிப் பார்த்தால் நான்கு பக்கமும் உதடு பிதுங்கி நின்றது.

ஒலிக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. உள்கொள்ளளவு 19.6 லிட்டரிலிருந்து 19.2 ஆகிறது, அவ்வளவே. அதைக் காது கண்டுபிடிக்காது. கண் கண்டுபிடிக்கும், அந்த விளிம்பைத் தினமும் பார்க்கப் போகிறவன் நான். மறுநாள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி வாதாடவில்லை. நீண்ட துண்டையும் முகப்பு, முதுகையும் பட்டை வைத்து ஒரே அளவுக்குச் சீவிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. முதல் நாள் கூலி கோட்டுக்கு 20 ரூபாய் வீதம் 14 கோட்டுக்கு 280. கோடு ஒவ்வொன்றும் நூல் பிடித்தாற்போல் நேர். அந்த நேருக்காக நான் மறுபடியும் போவேன்.

வட்டம் வெட்ட மட்டும் அங்கே கொடுக்காதீர்கள். வூஃபருக்கு 146 மில்லிமீட்டர் துளை கேட்டேன். ஜிக்சா என்கிற கைமின்ரம்பத்தில் சுற்றி முட்டை வடிவத்தில் ஒன்று தந்தார்கள். இரண்டாவது முகப்பை நானே செய்தேன். நடுவில் ஓர் ஆணி, அதில் சுழலும் ஒரு ரீப்பர் துண்டு, மறுமுனையில் மரம் குடையும் ரூட்டர் மெஷின். நான்கு சுற்றில், சுற்றுக்குக் கொஞ்சமாக இறக்கி எடுத்தேன். முகமூடி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், எம்.டி.எஃப். தூள் மாவைவிட மெல்லியது, அதில் பசையும் கலந்திருக்கிறது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் பழுப்பாகி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

பெட்டிக்குள் இருக்கும் காற்று போய்வர 5 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய் வைத்தேன். கணக்குப்படி அது 45 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 45 அதிர்வில் முழங்க 11.6 செ.மீ. நீளம் வேண்டும். நான் 14 வைத்துக் கேட்டுக் கேட்டு நறுக்கினேன். நீளம் குறைந்தால் சுருதி ஏறும். குறைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பன்னிரண்டில் நிறுத்தினேன். தவிலின் தொப்பிப் பக்கத்து (தாழ்ந்த ஒலிப் பக்கம்) முழக்கம் அங்கேதான் வயிற்றில் வந்து விழுந்தது.

மீந்த பத்து செ.மீ. பட்டையைக் கடையில் கட்டியே கொடுத்திருந்தார்கள். பாதி பெட்டிக்குள் குறுக்குச் சட்டமாகப் போனது. மீதி இப்போது சமையலறையில் அரிவாள்மனைக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.