பட் டீசல் ரயில்காரில் 12 ஆண்டுகள்

1969-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலிருந்து 1981 வரை, வடகிழக்கு அமெரிக்காவின் புறநகர்ப் பாதை ஒன்றில், வேலைநாள்தோறும் காலையிலும் மாலையிலும், பட் நிறுவனம் கட்டிய ஆர்டிசி என்னும் டீசல் ரயில்காரில் பயணித்தேன். பாதையை நடத்தியவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அவர்களுடைய பராமரிப்பைச் சேர்ந்தவை என்பதை மட்டும் முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பட் நிறுவனம் 1949-இல் அறிமுகப்படுத்திய இந்த வண்டியை இழுக்கத் தனி எஞ்சின் தேவையில்லை. 85 அடி நீளப் பயணிகள் பெட்டியின் தரைக்கு அடியிலேயே இரண்டு டெட்ராய்ட் டீசல் எஞ்சின்கள் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 275 குதிரைத்திறன் கொண்டது. பின்னர் அது 300 ஆனது. ராணுவ டாங்கிகளுக்காக உருவான, எண்ணெயின் சுழற்சியால் எஞ்சின் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழியாக, ஒவ்வோர் எஞ்சினும் தன் பக்கத்துச் சக்கரச் சட்டகத்தில் ஓர் அச்சை மட்டும் இயக்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடைசி நிலையத்தில் வண்டியைத் திருப்ப வேண்டிய வேலையும் இல்லை. நான் சென்றது 90 இருக்கைகள் கொண்ட முதல் வகை. சாமான் அறை உள்ளவை, அஞ்சல் அறையும் சேர்ந்தவை என்று வேறு வகைகளும் இருந்தன. 1962 வரை ஏறத்தாழ 400 வண்டிகள் கட்டப்பட்டன. கூட்டம் குறைந்த கிளைப்பாதையில் ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் ஓட்டி நட்டப்பட்டுக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு, இதைவிடச் சிக்கனமான வழி அப்போது இருந்ததாகத் தெரியவில்லை.

பயணியின் இருக்கையிலிருந்து பார்த்தால், இந்த வண்டியின் குணம் முதலில் காதுக்குத்தான் தெரியும். கண்டக்டர் நடைமேடையை ஒருமுறை பார்த்துவிட்டு, படிக்கட்டின் மேல் மூடும் தகட்டைக் காலால் தள்ளிச் சாத்துவார். மணி ஒலித்ததும் தரைக்கு அடியில் எஞ்சின் முழு மூச்சில் உறுமும். ஆனால் வண்டி அவசரப்படாது, ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகரும். கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் சுழன்று விசை ஏறுவதற்கான தாமதம் அது. வேகம் கூடிய பிறகு ஓரிடத்தில் உறுமல் சட்டென்று தணிந்து, விசை நேரடியாகச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். அந்தத் தணிவுக்காகவே காத்திருந்து செய்தித்தாளைப் பிரிப்பது என் வழக்கமாயிற்று.

எந்த எஞ்சின் ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதும் இரண்டாம் ஆண்டுக்குள் பழகிவிட்டது. முன்பாதியில் உட்கார்ந்தால் உள்ளங்காலில் நடுக்கம் இருக்கும்; பின்பாதிக்குப் போனால் தரை அமைதியாகக் கிடக்கும். அப்படியென்றால் பின் எஞ்சின் அன்று விடுப்பில் இருக்கிறது என்று பொருள். இரண்டில் ஒன்று நின்றாலும் வண்டி நடுவழியில் நிற்காமல் ஊர் போய்ச் சேரும். பொறியியல் நோக்கில் இது பாராட்ட வேண்டிய ஏற்பாடுதான். ஆனால், ஒற்றை எஞ்சினோடு வண்டி ஓடும் என்று தெரிந்தவுடன், இன்னொன்றைப் பழுது பார்க்கும் வேலை நாளைக்கு என்று தள்ளிப்போனது. நாளை என்பது வாரமாகி, வாரம் மாதமாயிற்று. 1970-களின் நடுவில், இரண்டு எஞ்சின்களும் ஓடிய காலைகளை நான் நாட்காட்டியில் புள்ளி வைத்துக் குறித்த காலமும் உண்டு. ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். 8 நிமிடத் தாமதம் அட்டவணையில் அச்சிடாத பகுதியாகவே ஆகிவிட்டது. ஜனவரி மாதத்தில் எஞ்சின் நின்ற பாதியில் உட்கார்ந்தவர்கள் கையுறையைக் கழற்றாமலேயே பயணச்சீட்டை நீட்டினார்கள்.

இலையுதிர் காலத்தில் வேறொரு தொல்லை. நான்கு அச்சுகளில் இரண்டுக்கு மட்டுமே விசை செல்வதால், ஈர இலை படிந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிச் சுழலும். பிரேக்கைப் பற்றி மட்டும் எனக்குக் குறையே இல்லை. வட்டத்தகட்டு பிரேக் என்பதால், பழைய பெட்டிகளின் கிறீச்சொலியும் குலுக்கலும் இல்லாமல், கையிலிருந்த காபி தளும்பாமல் நிற்கும். ஆனால் பிரேக் கட்டை சக்கர விளிம்பைத் தேய்க்காததால் அங்கே அழுக்குப் படிந்து, தண்டவாளத்தில் ஓடும் சிக்னல் மின்சுற்றுக்கு வண்டி இருப்பதே சில சமயம் தெரியாமல் போகலாம் என்று பின்னாளில் படித்தேன். ஒற்றைப் பெட்டியாக ஓட்டக்கூடாது என்று சில இருப்புப்பாதைகள் விதி வகுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பயணிகளுக்கு நன்மையாக அமைந்த ஒன்று சிக்னல்காரர்களுக்குத் தலைவலியானது எனக்கு வியப்பாகவே இருந்தது.

உடற்கட்டு அசல் எவர்சில்வர், மிகையாகச் சொல்லவில்லை. நெளிநெளியான பக்கத் தகடுகளில் பெயின்ட் இல்லை, உரியவும் இல்லை. பன்னிரண்டு குளிர்காலத்து உப்பையும் பனிச்சேற்றையும் பார்த்த பிறகும், நல்ல மழை ஒன்று பெய்தால் வண்டி விளக்கி வைத்த பாத்திரம்போல் வந்து நிற்கும். உள்ளே அந்தக் கவனம் இல்லை: இருக்கை உறைகள் கிழிந்தன, ஜன்னல் கண்ணாடிகள் மங்கின. வாயிலருகே உட்கார்ந்தால் மேல்சட்டையில் டீசல் வாடை வீடுவரை வரும்.

இதே வண்டியை வெஸ்டர்ன் பசிஃபிக் நிறுவனம் 1950 முதல் 1960 வரை ஓக்லண்டுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே, 900 மைலுக்கு மேற்பட்ட தொலைவுக்கு ஓட்டியது. ஒரு மணிநேரப் பயணத்திலேயே முதுகு வலித்த எனக்கு, அந்தப் பயணிகள்மீது மரியாதை உண்டு. நியூயார்க் சென்ட்ரல் நிறுவனம் 1966-இல் ஒரு பெட்டியின் கூரைமேல் இரண்டு ஜெட் எஞ்சின்களை ஏற்றி, மணிக்கு 183 மைலுக்கும் அதிகமான வேகத்தில் ஓட்டிப் பார்த்ததும் உண்மை. தரைக்கு அடியிலிருந்த இரண்டையும் ஒழுங்காக ஓடவைத்திருந்தாலே எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

என் கடைசி ஆண்டில், பழைய எஞ்சின்களைச் சரிசெய்வதைக் கைவிட்டு, இந்தப் பெட்டிகளைச் சாதாரண ரயில் பெட்டிகளாக்கி, முன்னால் ஒரு டீசல் எஞ்சினைப் பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள். தாமதம் குறைந்தது. பெட்டி முழுதும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தது. முதல் நாள் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்து, உறுமல் தணியட்டும் என்று செய்தித்தாளை மடித்தபடி மடியில் வைத்திருந்தேன். இரண்டு நிலையங்கள் கடந்த பிறகே, காலுக்கு அடியில் எதுவும் ஓடவில்லை என்பது உறைத்தது.